எரிபொருள் தீர்ந்த பின்

இணுவில்,
18 ஜனவரி 2024

அன்பின் அண்ணைக்கு,

கந்தன் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் அந்தக் குளிரில் ஒரு குறையும் வரக்கூடாதென்று அம்மா பொங்கலன்றும் நேர்ந்துகொண்டார். அவருடைய முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீங்கள் ஆள் மூலம் கொடுத்துவிட்ட கொம்பியூட்டர் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. பழைய காலத்துப் போர் விமான விளையாட்டை ஏற்றி, நீங்கள் அனுப்பிய முதல் பறப்புப் பதிவையும் திறந்தேன். அது வீடியோவாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நோர்வேயில் உங்கள் அறையில் இருந்து நீங்கள் பறந்த பறப்பு முழுவதும் அப்படியே உள்ளே கிடக்கிறது. நான் விரும்பிய இடத்தில் கமராவைக் கொண்டுபோய் வைக்கலாம். இறக்கை நுனியில், வாலுக்குப் பின்னால், விமானியின் கண்ணுக்குள், அல்லது எதிலும் ஒட்டாமல் ஆகாயத்தில் தனியாக. நேரத்தை நிறுத்தலாம், இழுத்து நீட்டலாம்.

ஸ்ரூடியோவில் நான் வெட்டி ஒட்டுவது கலியாண வீடியோக்கள். தாலி கட்டும் நேரத்தில் எப்போதும் யாராவது ஒரு மாமா கமராவை மறைத்துக்கொண்டு நிற்பார். இங்கே மறைக்க ஒருவரும் இல்லை. ஒரு முகிலுக்குள் கமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எல்லாம் பால் வெள்ளை. பிறகு ஒரு சாம்பல் நிழல் வந்து, விமானமாகி, போய்விட்டது. அது கிழித்த இடத்தை முகில் ஆறுதலாகத் தைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

சென்னை விமானம் பலாலி விமான நிலையத்துக்கு வரும்போது அம்மா இன்னும் குசினிக்கு ஓடிப்போய் அடுப்பை நிறுத்துகிறார். "புகை தெரிஞ்சால் பொம்மர்காரன் வருவான்" என்பார், இன்னும் குண்டு போடுகிற காலம் மாதிரி. காஸ் அடுப்பில் எங்கே புகை? ஆனபடியால் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். கலியாண வீடியோ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
கலா


பேர்கன்,
30 ஜனவரி 2024

அன்புத் தங்கை உதயகலாவுக்கு,

கடிதம் கண்டேன், மனம் குளிர்ந்தது. நாங்கள் இங்கே நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கவேண்டும்.

உன் முகில் காட்சியைப் பார்த்தேன். எங்கள் இணையக் குழுவில் எத்தனையோ பேர் இந்த விளையாட்டுக்குள் படம் எடுக்கிறார்கள். எல்லாரும் கமராவை விமானத்தின் வாலில் கட்டிவிட்டுச் சுடுவதையும் எரிவதையும் எடுப்பார்கள். நாம் இருவரும் சேர்ந்து எடுக்கப்போவது ஒரு வெடிகூட இல்லாத படம். போர் விமானம் சும்மா பறந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் படம்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். தனிக் கமராவை நகர்த்தும்போது அதற்கு ஒரு கனம் இருப்பதாக நினைத்துக்கொள். சடக்கென்று திரும்பினால் பொய் என்று தெரிந்துவிடும். மற்றது, தூரத்தில் நின்று கிட்ட இழுத்து எடு. அப்போதுதான் கடல் விமானத்துக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். விமானியின் கண்ணில் கமராவை வைத்தால் நான் எங்கே பார்த்தேனோ அதையே நீயும் பார்ப்பாய். என் தலையில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று தலையின் அசைவையும் பதிந்துவிடும். அந்தக் காட்சி எங்களுக்குத் தேவைப்படாது.

போனில் கதைத்தால் நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், அம்மா வாங்கி "சாப்பிட்டியோ" என்பார். அதோடு முடிந்துவிடும். ஆகவே எழுது.

இங்கே மழை. மலைக்கும் மழைக்கும் நடுவில் ஊர் இருக்கிறதா என்றே சில நாள் சந்தேகம் வரும். அண்ணிக்கு வேலை கூடிவிட்டது. இரண்டாவது பதிவை அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவைக் கவனி.

அண்ணா
சிவரூபன்


இணுவில்,
17 பெப்ரவரி 2024

அன்பின் அண்ணைக்கு,

இங்கு யாவரும் சுகம். அங்கு மழை விட்டு வெயில் எறித்ததாகச் செய்தி வந்தால் இன்னும் சந்தோஷப்படுவோம்.

கனம் கொடுத்துப் பார்த்தேன். மெய்தான். கமரா ஒரு வயதான பறவை மாதிரி மிதக்கத் தொடங்கிவிட்டது. விடியற்காலை வெளிச்சத்தில் நீங்கள் கரையோரமாகப் பறந்தீர்களே, அதைக் கடலில் நின்று எடுத்தேன். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கமரா. விமானம் தலைக்கு மேலே போகும்போது தண்ணீரில் அதன் நிழல் என்னைத் தொட்டுவிட்டுப் போகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அந்த நிழலைப் பார்த்து ஓடாமல் நின்றது நானாகத்தான் இருக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். நமக்குத் தேவை ஒரு சிறிய பகுதிதான். பதிவோ நீண்டு போகிறது. தேத்தண்ணி ஊற்றப் போனபோது அதை நிறுத்த மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் விமானம் நடுக்கடலுக்கு மேலே பறக்கிறது. கரை எங்கும் இல்லை. ஹெட்போனில் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. காற்றுச் சத்தம் மட்டும். முன்னால் விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கனநேரம் அப்படியே வழுக்கி வழுக்கிக் கீழே வந்து, கடலில் விழுந்து, முடிந்தது.

கதிரையை விட்டு எழும்பிப் போய்விட்டீர்களோ? அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாவோ?

அண்ணி ஏன் இப்போதெல்லாம் போனில் வருவதில்லை என்று அம்மா கேட்கிறார். வேலை என்று சொன்னேன்.

அன்புடன்
கலா


பேர்கன்,
3 மார்ச் 2024

அன்புள்ள கலாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அறிந்தேன்.

ஓம், எழும்பிப் போய்விட்டேன். வேலை முடிந்து வந்த அலுப்பு. விமானம் தன்பாட்டில் போயிருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிடு.

நீர்மட்டக் காட்சி மிக நன்றாக இருக்கிறது. இன்னும் இரண்டு பதிவுகள் அனுப்புகிறேன்.

சிவரூபன்


இணுவில்,
20 மார்ச் 2024

அன்பின் அண்ணைக்கு,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது பதிவிலும் அதேதான். நாலாவதிலும் அதேதான். படத்துக்கு வேண்டிய பறப்பு முடிந்ததும் விமானம் மேற்கே திரும்புகிறது. கரை போய்விடுகிறது. ஒரு வளைவு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, எரிபொருள் தீரும்வரை நேராகப் போகிறது.

இம்முறை நான் கமராவை வெளியே வைக்கவில்லை. நமக்குத் தேவைப்படாது என்று நீங்கள் சொன்ன இடத்தில், விமானியின் கண்ணில் வைத்தேன்.

எழும்பிப் போனவருடைய தலை திரும்பாது, அண்ணை. உங்கள் தலை திரும்பியது. எரிபொருள் காட்டும் முள்ளை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு இடப்பக்கமாகக் கீழே கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எஞ்சின் நின்றபோதுகூடத் திடுக்கிடவில்லை. தண்ணீர் கிட்ட வந்தபோது முகத்தை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தீர்கள்.

நான் உங்கள் கண்ணுக்குள் இருந்தேன்.

இது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். விளையாட்டு என்றே எழுதுங்கள், நம்புகிறேன். ஆனால் உடனே எழுதுங்கள்.

கலா


இணுவில்,
16 ஏப்ரல் 2024

அன்பின் அண்ணைக்கு,

வருஷப்பிறப்பு நல்லபடி போனது. அம்மா உங்கள் பெயருக்கும் கைவிசேஷக் காசு எடுத்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

போன் அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. அண்ணியின் இலக்கம் வேலை செய்யவில்லை. "அவனுக்கு இரவு வேலையாம் அம்மா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அம்மா என் முகத்தைப் பார்க்கிறார்.

கொம்பியூட்டர் கொண்டுவந்தவரிடம் கேட்டு, முன்பு உங்களோடு வேலை செய்த குகதாசன் அண்ணையின் இலக்கத்தை எடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் அந்தக் கோபத்தை எழுதி அனுப்புங்கள்.

கலா


பேர்கன்,
22 ஏப்ரல் 2024

தங்கச்சி உதயகலாவுக்கு,

வணக்கம். உங்களை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் ஊர்ப்பிள்ளை என்ற உரிமையில் எழுதுகிறேன். தாயாரும் நீங்களும் தைரியமாக இருங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிவரூபன் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறான்.

நீங்கள் போன் செய்த அன்றே போனேன். கதவைத் திறக்க நேரம் எடுத்தது. உள்ளே யன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. மனைவி போன இலையுதிர்காலமே பிரிந்து ஒஸ்லோவுக்குப் போய்விட்டாவாம். மீன் தொழிற்சாலை வேலையும் அதற்குப் பிறகு விட்டுப்போய்விட்டது. பக்கத்தில் இருக்கிற எனக்கே தெரியாது. நான் வெட்கப்பட்டேன்.

"ஏனடா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "என்னெண்டு அண்ணை சொல்லுறது?" என்றான். அவ்வளவுதான். நான் சோறு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டான். அடுத்த நாள் டொக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது எங்கள் வீட்டில், என் பிள்ளைகளின் அறையில் படுக்கிறான். பிள்ளைகளோடு சீட்டு விளையாடுகிறான். தோற்றும் போகிறான்.

ஆறுதலாக எழுதுவான். அவசரப்படுத்தாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

குகதாசன்


பேர்கன்,
19 மே 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் குகதாசன் அண்ணை வீட்டு மேசையில் இருந்து திரும்ப வாசித்தேன். வாசலில் வெயில் எறிக்கிறது. நீ கேட்ட வெயில்தான்.

விளையாட்டு என்றே எழுதச் சொன்னாய். முழுக்க விளையாட்டு என்று சொன்னால் பொய்.

உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. பங்கருக்குள் அம்மா உன்னை மடியிலும் என்னை முழங்காலுக்குள்ளும் வைத்திருப்பார். சகடை என்று நாங்கள் பெயர் வைத்த அந்த விசிறி வைத்த விமானம் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். குண்டு விழும் சத்தத்தைவிட அந்தச் சுற்றும் சத்தம்தான் எனக்குப் பயம். சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும். அப்போது அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்து ஒரு மூச்சு வரும். அந்த மூச்சில் நான் நித்திரையாகிவிடுவேன்.

அண்ணி போன பிறகு நித்திரை வரவில்லை. ஒருநாள் தற்செயலாக எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. அந்த அமைதி வந்தது. கடல் நீலமும் வெள்ளியுமாகக் கீழே அசையாமல் கிடந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த மூச்சு! அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன். முதலில் அதற்காக மட்டும்தான். பிறகு, திரும்பி வந்து இறங்க எனக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கினேன். இருக்கவில்லை. உன்னிடம் மறைக்கவேண்டும் என்றால் பதிவை வெட்டி அனுப்பியிருக்கலாம். ஏன் வெட்டவில்லை என்று டொக்டர் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

இப்போது நித்திரை கொள்கிறேன். மருந்தும் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே.

உன் அண்ணா


இணுவில்,
8 ஜூன் 2024

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் நித்திரை கொள்கிறீர்கள் என்ற ஒரு வரியே இங்கே எங்களுக்குச் சுகம்.

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பின்னேரம் படத்தை வெட்டிக்கொண்டு இருந்தேன். ஹெட்போன் வயர் கழன்றதைக் கவனிக்கவில்லை. எஞ்சின் சத்தம் வீடெல்லாம் கேட்டிருக்கிறது. குசினிக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அறை வாசலில் வந்து நின்றார்.

"உது என்ன?"

"படம் அம்மா. பொம்மர் இல்லை. விளையாட்டு."

"ஆர் ஓட்டுறது?"

எனக்குப் பொய் வரவில்லை. "அண்ணை" என்றேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தார். நிறுத்தப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். கமரா முகிலுக்கு மேலே மிதந்தது. அம்மா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உவ்வளவு வெள்ளையோ மேலை?" என்று கேட்டார். பிறகு கடல் வந்தது. எஞ்சின் நின்றது. விமானம் இறங்கத் தொடங்கியது.

"உவன் ஏன் பிள்ளை திரும்பேல்லை?"

நான் கழன்ற வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"அண்ணி விட்டிட்டுப் போயிட்டாளோ?"

"ஓம்."

அம்மா அழவில்லை. திரை கறுப்பாகிக் கனநேரம் ஆன பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "அவன் இஞ்சை வரேலாது. மெட்ராசுக்கு வரலாமெல்லே?"

உங்கள் அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்கு மட்டும்தான் தடை என்று சொன்னேன்.

"அப்ப பலாலியிலை இருந்து ஏறுவம்."

"அம்மா, அது பிளேன்."

"எனக்குத் தெரியாதே அது பிளேன் எண்டு!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு குரல் தணிந்தது. "நடந்து போகலாமெண்டால் நடந்து போவன். கடல் எல்லே கிடக்கு."

இந்திய விசாவுக்குக் கேட்டுப் பாருங்கள், அண்ணை. அம்மா கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. நெற்றி நிறைய விபூதியோடு எடுக்கமாட்டோம் என்றார்கள். அழித்துவிட்டு இருந்தார்.

கலா


பேர்கன்,
11 ஜூலை 2024

அன்புள்ள கலாவுக்கு,

எல்லாரும் நலம். குகதாசன் அண்ணையின் மகள் இன்றும் என்னைச் சீட்டில் வென்றாள்.

விசா கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் நடுப்பகுதி. அம்மாவுக்குப் பயம் என்றால் கட்டாயப்படுத்தாதே. கடைசி நேரத்தில் வரமுடியாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

படத்தின் முடிவில் எதை வைப்பது என்று போனில் கேட்டாய். எஞ்சின் நிற்கும் பகுதி வேண்டாம். உன் முதல் முகிலை வை. விமானம் போன பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வை.

சந்திப்போம் என்று எழுதி இரண்டு தரம் வெட்டினேன். எழுதிவிட்டேன்.

அண்ணா


இணுவில்,
2 செப்ரெம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்களும் சேர்ந்ததாகக் குகதாசன் அண்ணை சொன்னார். சென்னையில் உங்களோடு இருந்த நாட்கள் இன்னும் என் காலுக்குள் நிற்கின்றன. நடக்கும்போது நிலம் மெல்ல ஆடுகிறது.

அங்கே வைத்துச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். போகும்போது அம்மா சுகமாக வந்தார் என்று சொன்னேன். இல்லை. ஓடுபாதையில் நின்ற விமானத்தைக் கண்டதும் படிக்குக் கிட்ட நின்றுவிட்டார். "உதுக்கும் விசிறி இருக்கே, பிள்ளை" என்றார். அவருக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஏறினார். சென்னை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. முழு வழியும் என் கை அவர் கைக்குள் இருந்தது. நகம் பதிந்த இடத்தை நீங்கள் கண்டு கேட்டீர்கள், பூனை என்று சொன்னேன்.

விமான நிலைய வாசலில் நீங்கள் நின்றதைக் கண்டபோதுதான் அந்தக் கையை விட்டார்.

திரும்பி வரும்போது யன்னல் பக்கம் தரச் சொல்லிக் கேட்டார். கடலைப் பார்த்தார், முகிலைப் பார்த்தார். "கலா, நீ எடுத்த மாதிரித்தான் கிடக்கு" என்று ஒருமுறை சொன்னார். பலாலியை நெருங்க விமானம் தாழ்ந்தது. செம்மண் தோட்டங்கள், வாழை, ஒரு கிணறு. வெங்காயத் தறையில் ஒரு பெண் குனிந்து நின்றாள். சிவப்புச் சட்டை. எங்கள் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஆள் தெரியுது, பிள்ளை. சட்டை நிறமும் தெரியுது. நான் நினைச்சன், மேலை நிக்கிறவங்களுக்கு எங்களைத் தெரியாதாக்கும் எண்டு. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன்."

சில்லு நிலத்தைத் தொடும்வரை அந்தப் பெண் நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைக் குழுவில் போட்டுவிட்டேன். "சண்டை எப்போது தொடங்கும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் முகிலை மட்டும் பல தடவை பார்த்தாராம்.

அம்மா தானே எழுதவேண்டும் என்று ஒரு கடுதாசி எழுதியிருக்கிறார். படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன். பேனை பிடித்து எவ்வளவு காலமோ, எழுத்து மேலும் கீழும் போகிறது. பொறுத்து வாசியுங்கள்.

கலா


உ
சிவமயம்

என்ரை பிள்ளை சிவரூபனுக்கு அம்மா எழுதிறது.

நான் சுகம். முழங்கால் நோகுது, அது நோகட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் குகதாசன் தம்பியின்ரை பெஞ்சாதிக்கு நான் தந்துவிட்ட மிளகாய்த்தூள் குடுத்தனியோ?

மெட்ராசிலை நீ என்ரை மடியிலை தலையை வைச்சு நித்திரை கொண்டாய். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. எழுப்ப மனம் வரேல்லை. தலைமயிர் நரைச்சுக் கிடக்கு. நானும் பாத்துக்கொண்டு இருந்தன்.

நீ எழும்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா எண்டு சொன்னாய். என்னத்தை மன்னிக்கிறது? பெஞ்சாதி போனால் போகட்டும். வேலை போனால் போகட்டும். இறங்கிறதுக்கு இடம் இல்லையெண்டு மட்டும் நினையாதை. நான் இருக்கிற இடம் உன்ரை இடம். நீ இஞ்சை வரேலாதெண்டால் அந்த இடத்தைத் தூக்கிக்கொண்டு நான் அங்கை வாறன்.

நோர்வேக்குப் போற பிளேன் பெரிசாம், விசிறி இல்லையாம். கலா சொன்னவள். குளிர்ச் சட்டை ஒண்டும் தைக்கக் குடுத்திட்டன். விசாவுக்கு என்ன வேணுமோ அதை அனுப்பு.

ரிக்கெட்டை யன்னல் பக்கமாய்ப் பாத்து எடு.

அம்மா
பத்மாவதி